மீட்டர் வைத்து அளக்காமல் சைலன்சருக்கு வழக்குப் போட முடியுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தம்பி 350 சிசி புல்லட் ஓட்டுகிறார். ஆர்.சி. புத்தகம் உங்கள் அப்பா பெயரில் இருக்கிறது. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் பில்லோடு வாங்கிய ஷார்ட் பாட்டில் என்ற குட்டை சைலன்சர் ஒன்றை மாட்டியிருக்கிறார். போன வாரம் இரவுச் சோதனையில் நிறுத்தி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு என்று போட்டு இ-சலான் கொடுத்து, லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். ஒலி அளக்கும் மீட்டர் எதுவும் அவர்களிடம் இல்லை. அளக்காமல் எப்படிக் குற்றம் என்று சொல்லலாம், பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கிறதே, வண்டியையும் பிடித்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: பணத்தைக் கட்டி முடித்துக்கொள்வதா, கோர்ட்டில் எதிர்த்து நிற்பதா? உங்களுக்கு உண்மையில் வேண்டியது அதற்கான பதில்தான் என்று நினைக்கிறேன்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வார்களே, அந்த வேலைதான். வக்கீல் இல்லை. வண்டியையும், வண்டிக்கான சட்டத்தையும், அலுவலகத்தில் அது நடக்கும் விதத்தையும் என்னால் சொல்ல முடியும். உங்கள் சலானில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, நீதிபதி முன்னால் எதைச் சொல்லலாம் என்று முடிவு செய்ய ஒரு வக்கீல் வேண்டும். இந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 120-ஆவது விதி சைலன்சருக்கானது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சத்தத்தை, விரிவறை (புகை விரிந்து சத்தம் அடங்கும் அறை) வைத்தோ வேறு வழியிலோ, முடிந்த அளவு குறைக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருந்தாக வேண்டும் என்கிறது அது. அதோடு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-இல் சொல்லப்பட்ட ஒலி அளவுக்குள் வண்டி இருக்க வேண்டும் என்றும், அந்த நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இரு சக்கர வண்டியில் 80 சிசி வரை 75 டெசிபல், 80-க்கு மேல் 175 வரை 77, அதற்கு மேல் 80. உங்கள் தம்பியின் புல்லட்டுக்கு 80. ஒன்பது இருக்கைக்கு உட்பட்ட காருக்கு 74 என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டம் பைக்குக்கு மட்டும் என்று நினைத்து, காரில் பின் சைலன்சரை வெட்டிவிட்டு வந்து சிக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த 80 என்ற எண்ணில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். போனில் ஒரு ஆப்பைப் போட்டு சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "கம்பெனி சைலன்சரே 92 காட்டுகிறது, அப்புறம் எதற்கு எனக்கு அபராதம்?" என்று கேட்பார்கள். அந்த 80 டெசிபல், வண்டி தயாரிப்பு நிலையில் ஒப்புதல் பெறும்போது எடுக்கும் அளவு. திறந்த வெளியில் 20 மீட்டர் நீளமுள்ள பகுதிக்குள் குறிப்பிட்ட வேகத்தில் நுழைந்து, ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கிக் கடந்து போக வேண்டும். மைக் இருப்பது வண்டி போகும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள சோதனை மையம் போன்ற இடங்களில் செய்கிற காரியம் அது. நின்ற நிலையில் அளப்பதற்கு வேறு முறை இருக்கிறது, ஐஎஸ் 10399 என்று பெயர். அதில் மைக் சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில், வாயின் உயரத்திலேயே இருக்கும். அரை மீட்டரில் 95 காட்டும் சத்தம், 7.5 மீட்டரில் ஏறக்குறைய 71, 72-ஆகத்தான் இருக்கும், ஏனென்றால் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறையும். அதனால் ஒரு முறையில் எடுத்த எண்ணை இன்னொரு முறையின் வரம்போடு ஒப்பிட்டால் போலீஸ் தரப்பும் தவறாகப் பேசும், நீங்களும் தவறாகப் பேசுவீர்கள்.

இப்போது 190(2). சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு ஆகியவற்றுக்கான தர அளவை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுகிறவர் மீது இந்தப் பிரிவு பாயும். ஓட்ட வைக்கிறவரும், ஓட்ட அனுமதிக்கிறவரும் இதே பிரிவுக்குள் வருகிறார்கள். உங்கள் அப்பா இதைக் கவனிக்க வேண்டும். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பு. மறுபடி சிக்கினால் சிறை ஆறு மாதம் வரை போகலாம். 2019 செப்டம்பர் 1-க்கு முன்னால் முதல் முறை அபராதம் 1,000 ரூபாய்தான். பழைய ஆட்கள் சொல்லும் "ஆயிரம் ரூபாய் கட்டினால் முடிந்தது" என்ற கணக்கு இன்றைக்குச் செல்லாது. நடைமுறையில் சைலன்சருக்காக மட்டும் ஒருவர் ஜெயிலுக்குப் போனதை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் லைசென்ஸ் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மீட்டர் இல்லாமல் இந்தப் பிரிவு நிற்குமா? இங்கேதான் உறுதியான நிலத்திலிருந்து இறங்குகிறோம். 190(2) பேசுவது "தர அளவை மீறுவது" பற்றி. அளவு என்றால் எண். எண்ணே எடுக்காமல் மீறினார் என்று சொல்வது பலவீனமான வழக்கு என்று ஒரு வக்கீல் வாதிட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அந்த வாதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அளக்காமல் சலான் போடுவது சோம்பேறித்தனம் என்று என் சக ஊழியர்களிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வாதம் உங்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் பார்க்க வேண்டும். மீட்டர் இல்லை என்பது சாட்சியத்தில் உள்ள ஓட்டை. அதனால் அந்த சைலன்சருக்கு அனுமதி கிடைத்துவிடாது.

ஏனென்றால் எண் தேவைப்படாத பிரிவுகளும் இருக்கின்றன. புகை சைலன்சர் வழியாகப் போகாமல் வேறு வழியில் வெளியேறும்படி கட்-அவுட் என்ற திறப்பு வைத்து ஓட்டினால் 194எஃப், முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000. சைலன்சர் என்ற பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழாய் இருந்தால், 120-ஆவது விதி கேட்கும் விரிவறையோ தடுப்போ இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். அதற்குத் தனித் தண்டனை சொல்லப்படாவிட்டாலும் 177 என்ற பொதுப் பிரிவு இருக்கிறது, முதல் முறை 500, அடுத்து 1,500. நாங்கள் இதை எப்படிக் கண்டுபிடிப்போம் என்றால், ஒரு மெல்லிய கம்பியை சைலன்சர் வாயில் விட்டுப் பார்ப்போம். கம்பெனி சைலன்சரில் கொஞ்ச தூரத்திலேயே தடுப்புத் தகட்டில் இடித்து நிற்கும். உள்ளே வெட்டியெடுத்ததில் நேராக பெண்ட் பைப், அதாவது எஞ்சினிலிருந்து வரும் வளைந்த குழாய் வரை போகும். சிலர் கம்பெனி சைலன்சரையே பிளந்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, திரும்ப வெல்டிங் வைத்து குரோம் பூசி வருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். அடியில் கை வைத்துத் தடவினால் பற்ற வைத்த தழும்பு கிடைக்கும். மீட்டர் இல்லாத இடத்திலும் இப்படி ஒரு குறிப்பை எழுதி, போட்டோவும் எடுத்து வைத்திருக்கும் அதிகாரி, "சத்தமாக இருந்தது" என்று மட்டும் எழுதியவரைவிட வலுவான இடத்தில் இருக்கிறார். உங்கள் சலானில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா, போட்டோ இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து 182ஏ(4). சட்டம் அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டிப் பாகங்களைப் பின்னாளில் மாற்றிப் பொருத்துவதும் இதில் சேரும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இது உரிமையாளர் மேல் வருவது, அதாவது ஆர்.சி.யில் பெயர் உள்ள உங்கள் அப்பா மேல்.

இங்கேயும் ஒரு மங்கலான இடம் உண்டு. எது தடைசெய்யப்பட்ட மாற்றம் என்பதைச் சொல்வது 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் "மாற்றம்" என்று விளக்கமும் தருகிறது. கேரள வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஒருவரின் மேல்முறையீட்டில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கடுமையாகவே படித்தது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், சிசி, நிறம், எடை எல்லாம் இருக்கும், சைலன்சர் இருக்காது. அதனால் சைலன்சரை மாற்றுவது 52-க்குள் வராது என்று ஒரு தரப்பு வாதிடும். வண்டிக்கு ஒப்புதல் கிடைத்ததே குறிப்பிட்ட சைலன்சரோடு ஒலியும் புகையும் சோதிக்கப்பட்டதால்தான், அதை மாற்றினால் ஒப்புதலே ஆட்டம் காணும் என்று மறுதரப்பு சொல்லும். வண்டிகளைச் சோதித்தே பழகிய எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் முதல் வாதம் வெறும் சாக்கு என்று ஒதுக்கத்தக்கது இல்லை.

பொல்யூஷன் சர்டிபிகேட் விஷயம் எளிது. பெட்ரோல் வண்டிக்கு எடுக்கும் அந்தச் சோதனை கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது. சத்தத்தை அது அளப்பதே இல்லை. அந்தத் தாளை நீட்டி ஒலி வழக்கிலிருந்து தப்ப முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகைத் தரத்துக்கு உட்பட்ட வண்டி என்றால் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உண்டு. அதையும் சேர்த்துக் கழற்றியிருந்தால் புகைத் தரமும் மீறப்படுகிறது, அதுவும் அதே 190(2)-க்குள்தான் வரும். கடை பில்லும் அப்படித்தான். ஒரு பொருளை விற்கலாம் என்பதால் அதைச் சாலையில் ஓட்டலாம் என்று ஆகாது. அந்த சைலன்சர் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள், பந்தயத் திடலுக்கு மட்டும், பொதுச் சாலைக்கு இல்லை என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் உங்கள் பில்லே உங்களுக்கு எதிராகப் பேசும். டிபி கில்லர் என்ற குட்டித் தடுப்பைச் சோதனை நேரத்தில் மட்டும் செருகிக்கொள்ளும் பழக்கம் தம்பிக்கு இருந்தால், அது சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். அந்த சைலன்சர் அந்த வண்டிக்கு ஒப்புதல் பெற்றதாக அதனால் ஆகிவிடாது.

லைசென்ஸ் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ இந்த வழக்கில் பெரிய விஷயமே அதுதான். 206(4)-இன்படி, 190-ஆவது பிரிவுக் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் அதிகாரி லைசென்ஸை எடுத்து, தகுதி இழப்பு நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போது ஒரு தற்காலிகச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஓட்டக் கூடாது. இப்படி எடுக்கப்பட்ட லைசென்ஸுக்கான சீட்டு, அது திரும்பி வரும் வரை ஓட்ட அனுமதி தராது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தம்பி இப்போது வேலைக்கு அதே புல்லட்டில் போய்க்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்தச் சமயத்தில் விபத்து ஏதாவது நடந்தால், சைலன்சர் சின்ன விஷயமாகிவிடும்.

பணம் கட்டி முடிப்பதை, அதாவது காம்பவுண்டிங் என்பதை, 200-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. எவ்வளவு என்பதை மாநில அரசு அறிவிக்கும். சலானில் உள்ள தொகை அதுதான். கட்டினால் கோர்ட் வழக்கு முடிந்துவிடும். ஆனால் 2019 திருத்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள்: பணம் கட்டியதாலேயே 206(4) நடவடிக்கையிலிருந்து விடுபட முடியாது. கட்டிவிட்டோமே, லைசென்ஸ் தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தகுதி இழப்பு ஆணை போடுவதற்கு முன் தம்பியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், 19-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆணை வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த விளக்க நாளன்று நேரில் போவது முக்கியம். போகாதவர்களின் கோப்பில் ஒரு பக்க நியாயம் மட்டுமே இருக்கும், அதை வைத்து அதிகாரி வேறு என்ன எழுத முடியும்?

வண்டியைப் பிடித்துக்கொள்வார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். வண்டியைத் தடுத்து வைக்கும் 207-ஆவது பிரிவு முக்கியமாக லைசென்ஸ் இல்லாமல், பதிவு இல்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கானது. சத்தம் என்ற காரணம் அதில் இல்லை. அதனால் சைலன்சருக்காக மட்டும் வண்டியை நிலையத்தில் போட்டு வைப்பது கேள்விக்குரியது. ஆனால் பதிவு அலுவலருக்கு 53-ஆவது பிரிவில் வேறு அதிகாரம் உண்டு. விதிக்கு உட்படாத வண்டியின் பதிவை, நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகு, அவர் நிறுத்தி வைக்கலாம். கழற்றிய சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்பி ரோடு ரோலரை ஏற்றுவதைப் பல நகரங்களிலிருந்து வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சாட்சியப் பொருளாக எடுக்கப் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது. எடுத்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் தெரிவிக்காமல், உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் நசுக்கலாமா என்பது எனக்கு உறுத்தலான விஷயமாகவே இருந்தது. சட்டத்தை அமல்படுத்துகிறவர்கள் அந்தச் சட்டத்தின் வழியிலேயே போக வேண்டும். உங்கள் தம்பியிடம் "விருப்பப்பட்டு ஒப்படைக்கிறேன்" என்று ஏதாவது கையெழுத்து வாங்கியிருந்தால், வக்கீலிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நபருக்கு நேர்ந்த பாதிப்புக்கு, சைலன்சரைக் காரணம் காட்டிக் கம்பெனி கை விரிக்க முடியாது. உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கு, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழுத்தடிக்க வாய்ப்பு உண்டு.

தம்பியிடம் பேசும்போது சட்டத்தை மட்டும் வைத்துப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2017-இல் என் அம்மா பக்கவாதம் வந்து பிரதான சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்தார். பேச்சு வரவில்லை. ராத்திரி தூக்கம் கொஞ்சம் பிடிக்கும் நேரத்தில் கீழே ஒரு புல்லட் பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டு போகும், அவர் உடம்பு தூக்கிவாரிப் போடும், என் விரலை இறுக்கிப் பிடிப்பார். மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே இரவில் 40 டெசிபல்தான் வரம்பு என்பது ஒலி மாசு விதிகள் 2000-இல் இருக்கிறது. அந்த விதியை அவ்வளவு காலம் படித்து வைத்திருந்த நான் அந்த ஒன்பது நாளும் செய்ய முடிந்தது ஜன்னலைச் சாத்துவது மட்டும்தான். அமைதியாக வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, யாரும் மனு போடாமலே, இந்த மாற்று சைலன்சர் விஷயத்தைத் தானாக எடுத்து விசாரித்தது. நீதிபதிகளும் ஜன்னல் உள்ள வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இனி என்ன செய்வது. முதல் வேலையாகப் பழைய கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டுங்கள். அதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டிருந்தால் சர்வீஸ் சென்டரில் புதிதாக வாங்குங்கள். மாட்டியதற்கான வேலைச் சீட்டு, பில், தேதி தெரியும்படி போட்டோ எல்லாம் வேண்டும். வழக்கைக் கட்டி முடித்தாலும் எதிர்த்தாலும், லைசென்ஸ் விளக்க நாளில் இந்த மூன்றும்தான் தம்பிக்காகப் பேசும். சரிசெய்துவிட்டு வந்து நிற்பவரிடமும், "மீட்டர் எங்கே?" என்று மட்டும் கேட்டு நிற்பவரிடமும் நான் ஒரே மாதிரி நடந்துகொண்டதில்லை. என் இடத்தில் இப்போது இருப்பவரும் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்.

அதன் பிறகு சலானைப் பாருங்கள். அளவு, போட்டோ, கழற்றிப் பார்த்த குறிப்பு எதுவுமே இல்லாமல் பிரிவு எண் மட்டும் இருந்தால், தம்பியின் வேலை லைசென்ஸை நம்பி இருந்தால், ஒரு வக்கீலிடம் காட்டி எதிர்ப்பது பற்றி யோசிக்கலாம். போட்டோவோ குறிப்போ இருந்தால் எதிர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 190(2) நிற்காமல் போனாலும் மேலே சொன்ன மற்றப் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன, அவற்றில் ஒன்று உங்கள் அப்பாவை இழுக்கும். அந்த நிலையில் கட்டிவிட்டு, விளக்க நாளுக்குத் தயாராவதுதான் என் யோசனை. எதைச் செய்தாலும் சலானைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். நிலுவையில் இருந்தால் கோர்ட் சம்மன் அப்பா பெயருக்கு வரக்கூடும், பின்னால் ஆர்.சி. வேலைக்குப் போகும்போதும் அது குறுக்கே வரும். சலானில் பிரிவுக்குக் கீழே உள்ள குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, பெயரையும் எண்களையும் நீக்கிவிட்டு அந்த வரியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.